தொடங்குவது இருக்கட்டும், கணக்கு யார் எழுதுவது?

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் தம்பி ஒருவர் "நாமே சின்னதாக ஓர் அறக்கட்டளை தொடங்கினால் என்ன" என்று எழுதினாலும் எழுதினார், நாற்பது பதில் வந்துவிட்டது. முப்பது பேர் வாழ்த்து. ஏழு பேர் பெயர் யோசனை. இரண்டு பேர் சின்னமே வரைந்து அனுப்பிவிட்டார்கள். கணக்கு யார் எழுதுவது என்று ஒருவர் மட்டும் கேட்டார். அவருக்கு இன்றுவரை பதில் இல்லை. கேட்டது நான்தான்.

அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியிருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய அமைப்பில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். தனியாக வாழும் முதியவர்களை மருத்துவமனைக்கு வண்டியில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது, அவ்வளவுதான் வேலை. தொடங்கியவர் ஓர் அம்மா. யாருக்கு எந்தக் கிழமை, யாருக்குச் சக்கர நாற்காலி, யார் காதுகேளாதவர், யார் வாசலில் இரண்டு முறை மணி அடிக்க வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு நாள் அவரே படுக்கையில் விழுந்தார். விவரம் முழுக்க அவர் கைபேசியில், அதற்குக் கடவுச்சொல். வங்கியில் அவர் ஒருவர் கையெழுத்துதான். பணம் இருந்தது, வண்டி இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தது. மூன்று வாரம் ஒருவரையும் எங்களால் கூட்டிப்போக முடியவில்லை. பொருளாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு நானும் அதுவரை இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன், அந்தக் குறை என் மேல்தான்.

அதற்கப்புறம்தான் இப்படித் தொடங்கியவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் எதையோ பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் போனவர்கள். முதல் உலகப்போர் முடிந்த பிறகும் முற்றுகை நீடித்ததால் எதிரி நாட்டுக் குழந்தைகள் பட்டினி கிடப்பதைச் சொல்லி, 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்தார் எக்லன்டைன் ஜெப். கைதாகி, ஐந்து பவுண்டு அபராதம். வழக்கு முடிந்ததும் எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டை அவர் கையில் கொடுத்தாராம். குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய சேவ் தி சில்ட்ரன் அமைப்புக்கு வந்த முதல் நன்கொடையாக அதைச் சொல்கிறார்கள். இதே ஜெப் அதற்கு முன் ஆசிரியர் வேலைக்குப் போய், ஒத்துவராமல் விட்டுவிட்டு வந்தவர். குழந்தைகளோடு கொஞ்சிப் பழகும் ரகம் இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் நானும் சமூக சேவை முகம் கொண்டவன் இல்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை சாட் வாரா என்ற பாதிரியாருடையது. 1935-இல், இளம் பாதிரியாராக இருந்தபோது, தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியின் அடக்கத்தை அவர் நடத்தவேண்டி வந்தது. மாதவிலக்கு வந்ததை ஏதோ பெரிய நோய் என்று நினைத்துப் பயந்துபோன பெண். கேட்க ஒருவர்கூட அவளுக்கு இல்லை. அது அவர் மனதில் பதினெட்டு வருடம் கிடந்தது. 1953-இல் லண்டனில் தன் தேவாலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, துயரத்தில் இருப்பவர்கள் கூப்பிடலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார்.

கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்களை உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். காத்திருப்பவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்! ஆலோசனை சொல்லத் தெரியாத, காதுகொடுத்துக் கேட்க மட்டும் தெரிந்த ஆட்கள் அவரைவிட நன்றாகச் செய்கிறார்கள். தொடங்கிய மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் 1954 பிப்ரவரியிலேயே தொலைபேசியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். இப்படிப் பிறந்த சமாரிட்டன்ஸ் அமைப்பு இன்றும் தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது. தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நடுவிலிருந்து நகர்ந்துகொண்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லோருக்கும் இப்படிக் கௌரவமாக நகர வாய்ப்பதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விதை போட்ட ஹென்றி துனான் ஒரு வியாபாரி. 1859-இல் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்க்கப் போன இடத்தில், இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தின் காயம்பட்டவர்களைப் பார்த்தார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் பணிவிடை செய்தார். 1863-இல் ஜெனிவாவில் ஐந்து பேர் குழு உருவானது. 1867-இல் அவர் வியாபாரம் திவாலானது, குழுவிலிருந்து வெளியேற நேர்ந்தது. அப்புறம் பல வருட வறுமை. உலகம் அவரை மறந்தே போனது. 1895-இல் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதினார். 1901-இல் முதல் நோபல் அமைதிப் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அவர் இல்லாமலும் அமைப்பு நடந்தது என்பது நல்ல செய்திதான். அவருக்கு நடந்தது நல்லதா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

சரி, பணம். சின்ன அமைப்பைப் பணம் இல்லாமையைவிட நிபந்தனையோடு வரும் பணம் அதிகம் அலைக்கழிக்கும். "இதை வண்டிக்கு மட்டும் செலவு செய்யுங்கள்" என்று ஒருவர் கொடுத்தால் அதை வண்டிக்குத்தான் செலவழிக்க வேண்டும், கணக்கிலும் தனியாகக் காட்ட வேண்டும். எங்களிடம் புது இருக்கை உறை போடப் பணம் இருந்தது, எரிபொருளுக்கு இல்லை. பெயர் பொறிக்கக்கூடிய பொருளுக்கு எல்லோரும் கொடுப்பார்கள். தணிக்கைக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் தபால் செலவுக்கும் யார் கொடுப்பார்கள்? மது அடிமைகள் மீள்வதற்காக 1935-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், கொஞ்ச காலத்திலேயே கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் போய் நின்றது. அவர் ஒரு சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டார், பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். அன்று அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிற்பாடு, வெளியார் நன்கொடையே வேண்டாம், உறுப்பினர் போடுவதே போதும் என்பதை அவர்களே விதியாக எழுதிவைத்தார்கள்.

நாமும் அப்படியே செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. யாரிடம் வாங்குவோம், எதை வாங்கமாட்டோம் என்பதைக் காசு வருவதற்கு முன் எழுதிவைப்போம். வந்தபிறகு எழுதினால் கொடுத்தவர் முகம் கண்முன் நிற்கும்.

தம்பி, உங்களுக்கு: வாழ்த்துச் சொன்ன முப்பது பேரையும் நம்பாதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். மாதம் இரண்டு மணி நேரம் நிச்சயமாகத் தரக்கூடிய மூன்று பேரைத் தேடுங்கள். நாம் ஆளுக்கொரு நேரமண்டலத்தில் இருக்கிறோம், "எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்றால் யாரும் செய்யமாட்டோம். வங்கிக் கணக்கில் முதல் நாளிலிருந்தே இருவர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. நீங்கள் ஒரு மாதம் எதிலும் தலையிடாமல் இருந்து பாருங்கள், முதல் வருடத்துக்குள்ளேயே. என்ன நிற்கிறது, என்ன ஓடுகிறது என்று அப்போது தெரியும். பெயரும் சின்னமும் அதற்குப் பிறகு வரட்டும். (சின்னம் வரைந்த இருவரும் மன்னிக்கவும், இரண்டாவது நன்றாகவே இருக்கிறது.)

வரவு செலவை நானே எழுதுகிறேன், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரசீதோடு இங்கேயே போடுகிறேன். காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு வேண்டாம், கணக்கு எழுதுபவரிடம் அது இருக்கக்கூடாது. என்னிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளப்போவது யார் என்று இப்போதே ஒருவர் கை தூக்கினால் தொடங்கலாம்.