கண்ணசைவில் ஓடும் வண்டி நேர்த்திசைக்குத் திரும்ப மறுக்கிறது: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகளும் நானும் கண்ணசைவால் இயங்கும் சிறு வண்டி ஒன்றைச் செய்துவருகிறோம்.

கண்ணின் முன்பக்கக் கருவிழிப் படலம் (கார்னியா) பின்பக்க விழித்திரையைவிட நேர் மின்னழுத்தம் கொண்டது என்பதால், பார்வை திரும்பும்போது இரு நெற்றிப்பொட்டுகளிலும் ஒட்டிய மின்முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்த மாறுதல் தோன்றுகிறது. அதை இதயத்துடிப்பு அலையைப் பதிவதற்கான ஏடி8232 பலகையில் பெருக்கி, ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றும் சிறு பலகைக்குக் கொடுத்து, எல்298என் என்ற மோட்டார் இயக்கிப் பலகை வழியாக இரண்டு மோட்டார்களை ஓட்டுகிறோம். எல்லாம் பேட்டரியில்தான், தலையில் கம்பி ஒட்டிய பிள்ளையைச் சார்ஜரில் செருகிய மடிக்கணினியோடு இணைக்க எனக்கு மனமில்லை.

இடப்பக்கம் பார்த்தால் வண்டி சரியாக இடப்பக்கம் திரும்புகிறது. ஆனால் பார்வையை அங்கேயே நிறுத்தினாலும் அலை ஒரு நொடிக்குள் நடுக்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. பார்வையை நேராக்கியதும் அது எதிர்ப்பக்கம் எழுவதால், வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பிக் கடையின் அரிசி மூட்டையில் முட்டுகிறது. ஏடி8232 பலகையிலுள்ள வடிப்பான் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழான (நொடிக்கு அரை அலைக்கும் குறைவான) மெதுவான மாறுதல்களைத் தடுப்பதே காரணம் என்று கருதுகிறேன்.

நொய்யரிசி அளவே உள்ள கன்டென்சர்களை மாற்றி அந்த எல்லையை 0.05 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாமா? அப்படிச் செய்தால் வியர்வையால் நடுக்கோடு நகருமே என்ற தயக்கம் இருக்கிறது. அல்லது, முதல் எழுச்சியைத் திரும்புவதற்கும் அடுத்து வரும் எதிர் எழுச்சியை நிறுத்துவதற்கும் எடுத்துக்கொள்ளுமாறு நிரலை மாற்றுவது போதுமா? செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.