பெயர் மாற்றியாச்சு, வாக்காளர் அட்டையில் மட்டும் பழைய பெயர்: படிவம் 6-ஆ, 8-ஆ?

யாழினி | 23 ஜனவரி 2024

வணக்கம். நான் திருநங்கை, வயது 27. சொந்த ஊர் தென்மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐந்து வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

ஆட்சியர் கையெழுத்திட்ட திருநர் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கின்றன. ஆதாரில் பெயர், பாலினம், திருப்பூர் முகவரி மூன்றும் மாற்றிவிட்டேன். கெஜட்டில் (அரசிதழில்) பெயர் மாற்ற அறிவிப்பு போடவில்லை. வாக்காளர் அட்டை மட்டும் ஊர் முகவரியில், பழைய பெயரில், ஆண் என்றே இருக்கிறது.

டிசம்பரில் ஒரு நெட் சென்டரில் கேட்டேன். "பேரு புதுசு, அப்ப புது ஓட்டுதான்" என்று படிவம் 6 போட்டுவிட்டார்கள். போன வாரம் நிராகரிப்பு வந்துவிட்டது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறேனாம்.

2021 ஏப்ரல் 6 அன்று ஊருக்குப் போய்த்தான் ஓட்டுப் போட்டேன். மேசையில் இருந்தவர் பழைய பெயரைச் சத்தமாகப் படித்தார். குனிந்து டிக் அடித்துக்கொண்டிருந்த ஏஜெண்டுகள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். "ஆளு மாறிப்போச்சோ" என்றான் ஒருவன். என்கூட எட்டாவது வரை படித்தவன்.

நேற்று வந்த இறுதிப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க மூன்றாம் பாலினத்தவர் 8,294 பேர். அதில் நான் இல்லை. 3,03,96,330 ஆண்களில் ஒருவராக இருக்கிறேன். மக்களவைத் தேர்தலுக்குள் மாற்ற முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

நொய்யல்காரன் | 23 ஜனவரி

சுலபம்ங்க. படிவம் 7 போட்டு பழைய ஓட்டை நீக்கிடுங்க. அப்புறம் படிவம் 6-ல புதுப் பெயர்ல சேருங்க. எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சோம்.

தாலுகா தாத்தா | 24 ஜனவரி

நொய்யல்காரன் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் அம்மா. பல வருடம் தேர்தல் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். நீக்கம் முடிந்து, சேர்க்கை முடியாமல் இருக்கும்போது வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டிவிட்டால் பட்டியல் பூட்டிக்கொள்ளும். இரண்டு இடத்திலும் ஓட்டு இருக்காது. நீக்கம் முடியும் முன்பே படிவம் 6 கொடுத்தால் இன்னும் மோசம். வேறெங்கும் ஓட்டு இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அது பொய்யானால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 31-ன் கீழ் ஓராண்டு வரை சிறை. உங்கள் படிவம் 6 நிராகரிக்கப்பட்டது ஒருவகையில் நல்லதுதான்.

2022-லிருந்து படிவம் 6 முதல்முறை சேர்பவர்களுக்கு மட்டும். முகவரி மாற்றம், பெயர் திருத்தம், பாலினத் திருத்தம் எல்லாமே படிவம் 8. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடமாற்றம், திருத்தம் இரண்டில் ஒன்றுக்குத்தான் டிக் அடிக்க முடியும். ஆக உங்களுக்கு இரண்டு படிவம் 8, ஒன்றன்பின் ஒன்றாக.

எது முதலில் என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். திருத்தத்தை முதலில் போட்டால் அது ஊர் அலுவலகத்துக்குப் போகும். ஊர் பி.எல்.ஓ. (வீடு வீடாக வந்து சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தாளை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பா வீட்டு வாசலில் நிற்பார். திருத்தக் கோரிக்கைகளின் பட்டியலைப் படிவம் 11 என்று பார்வைக்கும் ஒட்டுவார்கள். இடமாற்றத்தை முதலில் போட்டால் விசாரணை திருப்பூரில். ஆனால் அங்கே வருகிறவர் உங்கள் பழைய பெயரைச் சொல்லிக் கேட்பார். இரண்டில் எதைத் தாங்க முடியும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாழினி | 24 ஜனவரி

அப்பாவுக்கு நான் திருப்பூரில் இருப்பது தெரியும். எப்படி இருக்கிறேன் என்பது தெரியாததுபோல் இருக்கிறார். 2021-ல் கூட வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் வாசலுக்குத் தாள் போக வேண்டாம். இடமாற்றம் முதலில்.

ஆனால் ஒரு குழப்பம் சார். விண்ணப்பம் பழைய பெயரில் இருக்கும். முகவரிச் சான்றான ஆதார் புதுப் பெயரில் இருக்கிறது. ஒத்துப்போகாதே?

தாலுகா தாத்தா | 24 ஜனவரி

அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு பெயரும் ஒரே தாளில் இருக்கிற ஆவணம் ஒன்று வேண்டும். கெஜட் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் நோட்டரியிடம், இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள். அதோடு திருநர் சான்றிதழ், பழைய அட்டையின் நகல். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு ஒரே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுங்கள்.

வீட்டு உரிமையாளரின் ஓட்டு வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்டால் உங்கள் பி.எல்.ஓ. யார் என்று தெரிந்துவிடும். அவர் வரும் முன் நீங்களே போன் செய்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

மாறன் திருநம்பி | 25 ஜனவரி

யாழினி, கெஜட் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் தளர வேண்டாம். 2019 திருநர் உரிமைச் சட்டம் பிரிவு 7 இருக்கிறது. சான்றிதழ் உள்ளவர் அடையாள ஆவணங்கள் எல்லாவற்றிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம். 2020 விதிகளின்படி விண்ணப்பித்த 15 நாளில் மாற்றித்தர வேண்டும். என்னிடம் ஒரு அலுவலகத்தில் கெஜட் கேட்டபோது அந்தப் பக்கத்தை அச்செடுத்து, "பதினைந்து நாள்" என்ற இடத்தில் மஞ்சள் மார்க்கர் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நேரம் இருந்தால் கெஜட்டும் போட்டு வையுங்கள். பேங்க், பி.எஃப். என்று எங்கு போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். சட்டம் பேசிப் பேசி வாய் வலிக்கிறது.

நானி வீட்டு மல்லிகா | 25 ஜனவரி

கண்ணு, ஒண்ணு மட்டும் சொல்றேன். படிவத்துல உறவினர் பெயர்னு ஒரு கட்டம் வரும். அப்பா, அம்மா, கணவர்னு போட்டிருக்கும். மூன்றாம் பாலினத்தவருக்குக் குருன்னும் ஒரு வகை இருக்கு. நம்ம திருநங்கைகள் ஜமாத்துல, அதாவது நம்ம சமூகக் குடும்பத்துல, நம்மைச் சேத்துக்கிட்ட மூத்தவங்கதான் குரு. அப்பா பெயர் வேணாம்னா குருவோட பெயரைக் கொடுக்கலாம். என் கார்டுல என் குருவம்மா பெயர்தான் இருக்கு. அவங்க போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, கார்டுல இருக்காங்க.

ஆனா நீ ஜமாத்துல இல்லேன்னா அவசரப்படாதே. நாளைக்கே குருவோட சண்டை வந்தா அதுக்கொரு படிவம் 8 போடணும். எத்தனையோ பார்த்துட்டேன்.

யாழினி | 25 ஜனவரி

அக்கா, சிரித்துவிட்டேன். நான் ஜமாத்தில் இல்லை. அப்பா பெயர் இருக்கட்டும். இன்று இடமாற்றத்துக்குப் போட்டாயிற்று.

யாழினி | 11 பிப்ரவரி 2024

சொல்லத்தான் வந்தேன். பி.எல்.ஓ. எங்கள் பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர். முன்பே போன் செய்து, "பேப்பரில் ஒரு பேர் இருக்கும் டீச்சர், அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்" என்றேன். சரிம்மா என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவர் கீழ் வீட்டம்மாவிடம், "மாடியில புதுசா ஒரு ஓட்டு வந்திருக்கே, இருக்காங்களா?" என்றுதான் கேட்டார். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தாளைத் திறந்தார். இடமாற்றம் நேற்று ஏற்கப்பட்டது. இனி இரண்டாவது படிவம் 8. பெயர், பாலினம், போட்டோ.

தாலுகா தாத்தா | 11 பிப்ரவரி

அந்த டீச்சருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். திருத்தத்தை நிராகரித்தால் 15 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தேவை வராது என்றுதான் நினைக்கிறேன். பாலினக் கட்டத்தில் உங்கள் சான்றிதழில் இருப்பதையே போடுங்கள்.

யாழினி | 20 மார்ச் 2024

கார்டு தபாலில் வந்துவிட்டது! அட்டை எண் அதேதான், முகம் என்னுடையது, மூன்றாம் பாலினம், திருப்பூர் முகவரி. ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட ஊருக்கு பஸ் ஏற வேண்டாம்.

ஒரு கூத்து. ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் தமிழில் தானாகவே வந்து விழுகிறதல்லவா, அதைச் சரிபார்க்காமல் சமர்ப்பித்துவிட்டேன் போல. ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது. தமிழில் "யாளினி" என்று இருக்கிறது.

மாறன் திருநம்பி | 20 மார்ச்

வாழ்த்துகள் யாளினி! ஓட்டுப் போட அது தடையில்லை, எழுத்துப்பிழைக்காக யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆதாரையும் கையில் எடுத்துப் போங்கள்.

நானி வீட்டு மல்லிகா | 21 மார்ச்

தேர்தல் முடியட்டும் கண்ணு. அப்புறம் அந்த ழ-வுக்கு இன்னொரு படிவம் 8.