மாடித் தரை தொய்ந்த பழைய வீடு: என்ன செய்தீர்கள்?

மேலவீதி:
கும்பகோணத்தில் எங்கள் தாத்தா காலத்து வீடு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த மெட்ராஸ் டெரஸ். மாடி ரூமில் பீரோ கதவைச் சாத்தினால் தானே திறந்துகொள்ளும்.

முதலில் வந்த காண்ட்ராக்டர், மேலே மூன்று இஞ்ச் கான்கிரீட் போட்டு மட்டம் பண்ணி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். நூறு சதுர அடிக்கு மூன்று இஞ்ச் என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. ஏற்கெனவே தொய்ந்த தளத்தின் தலையில் அதையும் ஏற்றுவதா? அனுப்பிவிட்டோம்.

அப்புறம் ஒரு வயதான ஆசாரியைக் கூட்டிவந்தோம். கீழே நின்று கட்டைக்குக் கட்டை நூல் பிடித்தார். நடுவில் அரை இஞ்ச் வளைந்திருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் சுமந்த மரம், வளையத்தான் செய்யும் தம்பி." ஏணியில் ஏறி, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியால் குத்திக்கொண்டே போனார். மற்றதெல்லாம் கெட்டியாக இருந்தது. பாத்ரூம் பக்கத்துச் சுவரில் மட்டும் இரண்டு கட்டைகளில் திருப்புளி பிடிவரை இறங்கியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே செல்லரித்து வெறும் மண். பின்னாளில் மாடியில் பாத்ரூம் கட்டியபோது போட்ட குழாய் கசிந்து, சுவர் முழுக்க ஓதம்.

குழாயை மாற்றிச் சுவரைக் காயவிட்ட பிறகுதான் மரவேலையே ஆரம்பித்தது. குறுக்கே பலகை கொடுத்து ஜாக்கி முட்டு வைத்தார்கள். ஒரேயடியாகத் தூக்கினால் மேலே சுண்ணாம்புத் தளம் வெடித்துவிடும் என்பதால் தினமும் கொஞ்சமாகத்தான் திருகினார்கள். அழுகிய முனையை அறுத்துவிட்டு, மீதிக் கட்டையின் இரு பக்கமும் இரும்புச் சானல் வைத்து போல்ட் போட்டார்கள். சானல் முனை சுவருக்குள் கருங்கல் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய வளைவு முழுதாகப் போகவில்லை. பீரோவுக்கு இன்னமும் அட்டை வைத்திருக்கிறோம்.

பட்டாலை:
எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். இறங்கியது கீழ்த் தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் தட்டினால் 'டொம் டொம்' என்று சத்தம். தோண்டிப் பார்த்தால், வளவு, அதாவது நடு முற்றத்து மழைத்தண்ணி வெளியே போகிற பழைய சாக்கடை தரைக்கு அடியில் உடைந்து, நிரப்பியிருந்த மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. கொத்தனார் மேலோடு சிமென்ட் பால் ஊற்றலாம் என்றார், அப்பச்சி விடவில்லை. கல்லைப் பெயர்த்து, பைப் புதிதாகப் போட்டு, மணலை அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினோம். பெயர்த்ததில் பாதிக் கல் உடைந்தது. ஆத்தங்குடியில் இன்றைக்கும் கையால் வார்க்கிறார்கள், அதே பூவேலை கிடைத்தது. புதுக்கல் மட்டும் நிறம் தனியாகத் தெரிகிறது, போகட்டும்.

காவிரிக்கரை:
மேலவீதி சார், எங்கள் வீட்டில் கட்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் மாடியில் நடந்தால் அதிருது. நடுவில் குறுக்கே ஒரு இரும்பு கர்டர் கொடுத்தால் போதுமா?

உளிச்சத்தம்:
நான் சிவில் இன்ஜினியர், பழைய வீட்டு வேலைகள் பார்க்கிறேன். கட்டை நல்லா இருந்தால் கர்டர் சரியான வழிதான். தாங்கும் நீளம் பாதியானால், அதே சுமைக்கு வருகிற தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதிர்வு அடங்கும். ஆனால் தளத்தின் எடையில் பெரும்பங்கு இனி கர்டரின் இரண்டு முனைகளில் இறங்கும். பழைய சுவர் மண் சாந்தில் கட்டியதாக இருந்தால் அந்த இடம் நசுங்கும். அங்கே கல் பலகையோ கான்கிரீட் திண்டோ கண்டிப்பாக வேணும். கர்டருக்கும் கட்டைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் கர்டர் சும்மா தொங்கும்.

அதற்கு முன்னால் மொட்டை மாடியைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது கட்டைகளின் நடுவில் உட்கார்ந்திருந்தால் சுவர் ஓரத்துக்கு நகர்த்துங்கள், செலவு கம்மி. கட்டை முனையைச் சுற்றிச் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள். காற்றுப் போகக் கொஞ்சம் சந்து விட்டால்தான் மரம் காயும்.

காவிரிக்கரை:
டேங்க் நட்ட நடுவில்தான் இருக்கு சார். ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கேன்.