அசிட்ரோம் (ரத்தம் கட்டாம இருக்கத் தர்ற மாத்திரை) போடுறவங்க கீரை சாப்பிடலாமா?

அம்மாவுக்கு இதயத்துல மைட்ரல் வால்வு இடத்துல மெட்டல் வால்வு வச்சிருக்கு, அசிட்ரோம் போடுறாங்க, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுனு காட்டற டெஸ்ட் அளவு) 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொன்னார், போன வாரம் தினமும் முருங்கைக்கீரை, இப்ப பாத்தா 1.8. கீரையே கூடாதா?

பதில்: சுத்தமா நிறுத்தாதீங்க. கீரைல இருக்கற வைட்டமின் கே மாத்திரையோட வேலையைக் குறைக்கும், அதனால ஒரு வாரம் தினமும் அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைனு மாத்தி மாத்தி போனாதான் சிக்கல். எங்கப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள், ஒரே அளவு. ஆனா 1.8னா வால்வுல ரத்தம் கட்டிக்கற ரிஸ்க் இருக்கு, இன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க, டோஸை நீங்களா ஏத்தாதீங்க.

இன்னொரு பதில்: கீரையை விட பயம் மூட்டுவலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற ஐபுப்ரோஃபென்தான், ரத்தக்கசிவு வந்துடும். லேகியம், சூரணமும் டாக்டரைக் கேக்காம வேணாம்.

கேட்டவர்: ஐயோ, சித்தி குடுத்த லேகியம் ஓடிட்டிருக்கே! சரி, இப்பவே கால் பண்றேன்.