ஆப்செட்ல கருப்பு வெள்ளை போட்டோ பச்சையடிக்குது, என்ன வழி?

கோத்தகிரிக்காரன்:
எங்க சங்கத்துக்கு மேசை காலண்டர் அடிக்கிறோம், சிவகாசியில ஃபோர் கலர் ஆப்செட், பாதி படம் கலர் பாதி கருப்பு வெள்ளை. இங்க்ஜெட் ப்ரூஃப்ல (மாதிரி பிரிண்ட்ல) சுத்தமான சாம்பலா இருந்த கோடநாடு மூடுபனி படம் மெஷின்ல ஓட்டிக் காமிச்ச ஷீட்ல பாசி புடிச்ச மாதிரி நிக்குது, அதே ஷீட்ல இன்னொரு கருப்பு வெள்ளை படம் ரோஸ் அடிக்குது. ஒரே ஷீட்ல எப்படிங்க ரெண்டு விதமா வரும்? வெறும் கருப்பு மையில அடிங்கன்னா சப்புன்னு இருக்கும்ங்கறாங்க.

பிரீபிரஸ் ஆளு:
பக்கத்து படங்கதான் காரணம். இங்க் கீ, அதாவது மையைக் கூட்டிக் குறைக்கிற திருகு, எல்லாம் ஷீட் ஓடுற திசையில பட்டை பட்டையாத்தான் வேலை செய்யும். பனிக்கு நேரா தேயிலைத் தோட்டம் ஏதாவது கலர்ல இருக்கும், அது பளிச்சுன்னு வரட்டும்னு மெஷின்மேன் மஞ்சளையும் சயானையும் (நீல மை) கூட்டியிருப்பாரு, பனியும் சேந்து பச்சையாயிருச்சு.

மூணு கலர் மையில சாம்பல் கட்டுறதே ரிஸ்க்குங்க. சயான் 50 சதவீதம்னா மெஜந்தாவும் (ரோஸ் மை) மஞ்சளும் 40 பக்கம் இருந்தாத்தான் நடுநிலையா தெரியும், சமமா வெச்சா பழுப்படிக்கும், ஓட்டத்துல ஒரு மையோட புள்ளி கொஞ்சம் பெருத்தாலே நிறம் சாஞ்சிரும். அதனால இந்தப் படங்களுக்கு மட்டும் தனி செபரேஷன் (படத்தை நாலு மைக்கும் பிரிக்கிறது) போடுங்க: போட்டோஷாப் கஸ்டம் சிஎம்ஒய்கேல ஜிசிஆர் (மூணு கலர் மை சேந்து கட்டுற சாம்பலுக்குப் பதிலா கருப்பு மையை வெக்கிறது), பிளாக் ஜெனரேஷன் ஹெவி. சாம்பலைப் பெரும்பாலும் கருப்பு மையே சுமக்கும், கீயைத் திருகினாலும் அவ்வளவா சாயாது. அதுலயே இருக்குற யூசிஏங்கற அளவைக் கொஞ்சம் ஏத்துனா நிழல்ல கலர் மை சேந்து கருப்பும் அழுத்தமா வரும்.

ஊட்டி லேப்:
கருப்பை ரொம்பவும் கூட்டிராதீங்க. பனி மாதிரி வெளுத்த எடத்துல வெறும் கருப்புப் புள்ளி மட்டும் நின்னா மணல் மணலா தெரியும். அஞ்சாவது யூனிட் இருக்குற மெஷின்னா சாம்பல் ஸ்பெஷல் கலர் ஒண்ணு சேத்து டூயோடோனா (கருப்பும் அந்த சாம்பலும்னு ரெண்டே மையில) அடிக்கலாம், அழகுன்னா அதுதான், ஆனா காசு. அப்புறம் ஷீட்டை டியூப்லைட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, 5000 கெல்வின் லைட்ல பாருங்க. நம்ம இந்து நகர் ஹெச்பிஎஃப்ல (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) 1967லேர்ந்து வந்த கருப்பு வெள்ளை சரக்குல இந்தத் தலைவலியே இல்ல, அங்க கருப்பாகுறது வெள்ளி, கலர் மைக்கே வேலை கெடையாது.

கோத்தகிரிக்காரன்:
பாத்துட்டேங்க, பனிக்கு நேர் கீழ தேயிலையேதான்! ரோஸ் அடிச்ச படத்துக்கு மேல ஊட்டி ரோஸ் கார்டன். கருப்பு வெள்ளை எல்லாத்தையும் ஒரே பட்டையில போடச் சொல்லலாமா?

பிரீபிரஸ் ஆளு:
தாராளமா. தனி செபரேஷன் போட்டா எப்படியும் புது பிளேட்தானே, இம்போசிஷன்லயே (ஷீட்ல பக்கங்களை அடுக்குறப்பவே) மாத்தச் சொல்லிருங்க.