ஈரத்தில் ஒன்று, சூட்டில் ஒன்று: மிஸ் அடிக்கும் பழைய கார்கள்

உவர்மலையிலிருந்து:

என்னுடையது 1990களில் வந்த ஜப்பான் கார், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் உள்ள எஞ்சின். மார்கழி மழைக்காலத்தில் விடியற்காலை ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் குலுங்கும். சைலன்சரில் விட்டுவிட்டு 'புப்' என்று அடிக்கும். ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியத் தவறுகிற இதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். கன்னியா தாண்டுவதற்குள் ஓட்டம் சீராகிவிடும். கராஜ் வாசலில் நிறுத்தினால் சத்தமே இருக்காது. பிளக்கை மாற்றுவோம், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலை மாற்றுவோம், பெற்றோல் பம்பையும் பார்ப்போம் என்றார்கள். வந்து வந்து போகிற கோளாறுக்கு இப்படிச் சாமான் வாங்கிப் போடுவது கடலில் பெருங்காயம் கரைக்கிற வேலை. கோளாறை நாம் அழைத்தால் வரும்படி செய்ய வேண்டும்.

ஈரமான காலைகளில் மட்டும் வருவதால் எரிபொருளைவிட மின்கசிவின் மீதே எனக்குச் சந்தேகம். இரவில் முற்றத்து விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, துணி அயன் செய்யும்போது தெளிக்கும் போத்தலால் பிளக் வயர்கள் மீது பனிபோல் மெல்லத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது வயரின் வளைவிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி தாவியது. ஒவ்வொரு 'டிக்' ஒலிக்கும் எஞ்சின் ஒருமுறை உதறியது. இதைச் செய்பவர்கள் கையை எட்டவே வைத்திருங்கள். அந்த வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட்.

மின்தடை அளக்கும் மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் அந்த வயர் தப்பியிருக்கும். கையேடு ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் வரை ஏற்கிறது. இதுவும் அதற்குள்தான் இருந்தது. மீட்டர் உள்ளே ஓடும் கடத்தியை அளக்குமே தவிர, மேலே ரப்பர் வெடித்திருப்பதை அறியாது.

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே மயிரிழையாக ஒரு கருங்கோடு. துடைத்தால் போகாது, மின்சாரம் ஊர்ந்து கருகிய தடம் அது. கடற்காற்றின் உப்பு படிந்து ஈரத்தை இழுத்தால் இந்தத் தடம் சீக்கிரம் விழும். வயர் செட், மூடி, மூடிக்குள் சுழலும் ரோட்டர் மூன்றையும் மாற்றினேன். இந்த மாரியில் சத்தம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, எனக்கு இதற்கு நேர்மாறு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு, வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் பாதைக்குக் காத்து நின்ற காலத்துக் கதை. கார்பரேட்டர் வண்டி. காலையில் பழுதே தெரியாது. கச்சான் என்கிற சுடுகாற்று வீசும் ஆடி மாதத்தில், வரிசையில் நின்று சூடேறியதும் மிஸ் அடித்து நின்றுவிடும். பெற்றோல் குழாயில் ஆவி அடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நின்ற இடத்திலேயே தீப்பொறியைப் பார்த்தேன்: சிவந்து, மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. கொயிலின் உடம்பில் ஈரத்துணி சுற்றிச் சற்றுப் பொறுத்ததும் பொறி நீலமானது. உள்ளே சுற்றிய கம்பி சூட்டில் விரிந்து தொடுப்பு விடுகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. அதனால் கொயிலை ஆறவைத்து அளப்பதில் பயனில்லை. கை சுடும்போதே அளக்க வேண்டும்.

பாலையூற்றிலிருந்து:

அண்ணா, என் காரில் ஈரமும் இல்லை, சூடும் இல்லை. மேட்டில் ஏறும்போதுதான் வரும். இரண்டாம், மூன்றாம் பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டேன். மிஸ் கூடவே நகரவில்லை, ஆகவே பிளக்கில் பிழையில்லை. வயரை உருவினால் ரப்பர் தொப்பி எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. வால்வு கவரின் கீழ் இருக்கும் குழாய் சீல் இறுகி, பிளக் குழியில் ஒயில் நின்றிருக்கிறது. பிளக்கைக் கழற்றுமுன் அதைத் துணியால் உறிஞ்சிவிடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இறங்கும். ஒன்று கேட்கிறேன்: எஞ்சின் ஓடும்போது வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாமா?

உவர்மலையிலிருந்து:

வேண்டாம். போக வழியில்லாத மின்சாரம் கொயிலையோ, அதை இயக்கும் இக்னைட்டரையோ பதம் பார்க்கும். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிடிக் கன்வேட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் உள்ள எஞ்சின் என்றால் ஐடிலில் இன்ஜெக்டரின் மின்வயர் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் தளரவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

கிண்ணியா நானா வைத்திருந்ததுபோன்ற கார்பரேட்டர் வண்டியில் இது முடியாது. அதில் எஞ்சினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கின் இரும்பை எஞ்சினோடு இறுகக் கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த வயருக்குப் போகுமுன் மறுபடி நிறுத்த வேண்டும். பெற்றோல் ஈரம் பக்கத்தில் இருக்கவே கூடாது.