சொன்ன விலைக்குச் சம்மதித்தும் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். வழக்கு நிற்குமா?

கோப்பாய்த் தோட்டக்காரன்:
சாவகச்சேரிப் பக்கம் ஒருவர் பழைய லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஒன்றை 4 லட்சத்துக்கு விற்பதாக முகநூலில் போட்டிருந்தார். வட்ஸ்அப்பில் கடைசி விலை கேட்டேன். "உங்களுக்கெண்டா 3,70,000க்குத் தாறன்" என்றார். "3,50,000 தாறன், நாளைக்கே வந்து ஏத்துறன்" என்றேன். "கட்டாது" என்று பதில் வந்தது. இரவு யோசித்துவிட்டு, விடிய "சரி, 370க்கே எடுக்கிறன்" என்று அனுப்பினேன். அதற்குள் மானிப்பாய் ஆள் ஒருவருக்குக் கொடுத்தாயிற்றாம். முற்பணம் நான் கொடுக்கவில்லை. அவர் தூரத்துச் சொந்தம் வேறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சொந்தக்காரருக்குத்தான் முதல் உரிமை என்கிறார் மாமா.

வடமராட்சியான்:
ஊரறிய விலை போட்டார், நீங்கள் சரி என்றீர்கள். ஒப்பந்தம் முடிந்தது அண்ணை, விடாதீர்கள்.

சட்டம் படிப்பவள்:
முகநூல் பதிவு பொதுவாக முனைவு (மற்றவர் சரி என்றாலே ஒப்பந்தமாகிவிடும் முன்மொழிவு, offer) ஆகாது. "வாங்க விருப்பமானவர்கள் கேளுங்கள்" என்ற அழைப்புதான் அது. இல்லையென்றால் பத்துப் பேர் "சரி" போட்டால் ஒரு இயந்திரத்தைப் பத்துப் பேருக்கும் அவர் கொடுக்க வேண்டிவருமே! பறவை விற்பனை விளம்பரம் ஒன்றைப் பற்றி 1968இல் இங்கிலாந்தில் இப்படித்தான் தீர்த்தார்கள்.

உண்மையான முனைவு அவர் வட்ஸ்அப்பில் சொன்ன 3,70,000. குறித்த பொருள், குறித்த விலை, உங்களுக்கென்றே சொன்னது. ஆனால் 3,50,000 என்று நீங்கள் சொன்னதும் அது செத்துவிட்டது. அவருடையதை மறுத்து, நீங்கள் புதிதாக ஒன்றை வைத்ததாகவே சட்டம் பார்க்கும். ஹைட் எதிர் ரென்ச் வழக்கு, 1840: 1,000 பவுணுக்குப் பண்ணை தருவதாகச் சொன்னவரிடம் 950 கேட்டு, அவர் மறுத்த பிறகு 1,000க்கே சம்மதம் என்றார் வாங்குபவர். ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். அப்படியே உங்கள் கதை.

கோப்பாய்த் தோட்டக்காரன்:
அப்ப பேரமே பேசக்கூடாதா? திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்கூட அப்படி வாங்க ஏலாதே.

சட்டம் படிப்பவள்:
பேசலாம், கேள்வியாகப் பேசுங்கள். "கொஞ்சம் குறைப்பீங்களோ?" என்பது வெறும் விசாரிப்பு, அவருடைய முனைவு உயிரோடு இருக்கும். 1880இல் இரும்பு வாங்க வந்த ஒரு கம்பனி, தவணையில் எடுக்கலாமா என்று கேட்டதை நீதிமன்றம் மறுப்பாக எடுக்கவில்லை. "3,50,000 தாறன்" அந்த வகையில் வராது. சரி, அவருடைய பதில் "கட்டாது" மட்டும்தானா? "கட்டாது, 370தான்" என்றிருந்தால் அவர் முனைவைத் திரும்ப வைத்தார் என்று வாதாட இடமுண்டு.

கோப்பாய்த் தோட்டக்காரன்:
"கட்டாது அண்ணை". அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற லிகிதர்:
தங்கச்சி சொன்னவை ஆங்கில வழக்குகள். இலங்கையில் பொது ஒப்பந்தச் சட்டம் உரோமன் டச்சு வழி. பொருள் விற்பனைக்கு மட்டும் ஆங்கிலப் பாணியில் 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். எதிர் முனைவு (நீங்கள் வேறு விலை வைத்தது போன்றது) விடயத்தில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்.

தம்பிக்கு இன்னொரு இடறலும் உண்டு. விலையில் ஒரு பகுதியாவது கொடுத்திருக்க வேண்டும், அல்லது பொருளில் கொஞ்சமாவது கைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது அவர் ஒப்பமிட்ட எழுத்து இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கட்டளைச் சட்டத்தின்படி விற்பனையை வழக்கில் நிலைநாட்ட முடியாது. 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், வட்ஸ்அப் என்பதற்காக மட்டும் செய்தியைத் தள்ளமாட்டார்கள். ஆனால் அதில் சம்மதம் கிடக்க வேண்டுமே!

மாமா சொல்வது காணிக்கதை. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு உரிமையாளருக்கும் வாரிசாகக்கூடியவருக்கும் உள்ள உரிமை அது. லான்ட்மாஸ்டருக்குச் செல்லாது.

கோப்பாய்த் தோட்டக்காரன்:
விளங்குது ஐயா. அடுத்ததுக்கு முற்பணத்தோடுதான் போவேன்.

ஓய்வுபெற்ற லிகிதர்:
பற்றுச்சீட்டில் இயந்திர இலக்கத்தையும் மிச்சக் காசு கொடுக்கும் திகதியையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள்.